ரைட் கிளிக் மெனுவையும் கொஞ்சம் கூட்டித் துப்புரவாக்குவோம்

எங்களுக்குக் கணினி அறையில் ஒரு பாடவேளை 40 நிமிடம். ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகள். அரைவாசிப் பேருக்கு வீட்டில் கணினியே இல்லை. ரைட் கிளிக் பண்ணிவிட்டு மெனு வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கும் நேரமும் அந்தப் பிள்ளைகளின் பங்கிலிருந்துதான் போகிறது.

வருகிற மெனுவும் லேசுப்பட்டதல்ல. அன்பளிப்பாகக் கிடைத்த கணினிகளில் பழைய ஆட்கள் போட்ட மென்பொருள் எல்லாம் அப்படியே கிடக்கும். வின்ரார், வைரஸ் ஸ்கேன், வீடியோ பிளேயர் என்று ஆளுக்கொரு வரி. எல்லாம் இங்கிலிஷ். தமிழ்மொழி மூலம் படிக்கிற பிள்ளை அதற்குள் 'ரீநேம்' தேட வேண்டும். அதற்கு நேர் மேலே இருப்பது 'டிலீட்'! பென் டிரைவில் டிலீட் ஆனால் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. ஒரு தவணை வேலை ஒரு கிளிக்கில் போய்விடும்.

மெனு ஏன் சுணங்குகிறது? நாங்கள் ரைட் கிளிக் பண்ணும்போது விண்டோஸ் அந்த மென்பொருள்களின் துணைப் பகுதிகளையும் ஏற்றி, "உன் வரி என்ன?" என்று கேட்கிறது. ஒன்று தாமதித்தால் முழு மெனுவும் தாமதம்.

நாங்கள் செய்யும் ஒழுங்கு இதுதான்:

1. தேவையில்லாத மென்பொருளை அன்இன்ஸ்டோல் பண்ணுங்கள். பெரும்பாலும் வரியும் சேர்ந்து போகும்.

2. மென்பொருள் வேண்டும், வரி வேண்டாம் என்றால் அதன் செட்டிங்ஸிலேயே பாருங்கள். வின்ராரில் ஆப்ஷன்ஸ், செட்டிங்ஸ், இன்டகிரேஷன் போய் ஷெல் என்றிருக்கும் டிக்கை எடுத்தால் போதும்.

3. மிச்சத்துக்கு நிர்சொஃப்டின் 'ஷெல்எக்ஸ்வியூ' என்ற இலவச மென்பொருள். மைக்ரோசொஃப்ட் அல்லாதவை இளஞ்சிவப்பில் தெரியும். அவற்றை மட்டும் தொடுங்கள். எஃப்7 அழுத்தினால் நிற்கும், எஃப்8 அழுத்தினால் திரும்ப வரும். எதையும் அழிப்பதில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திக் கணினியை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், எது சுணக்குகிறது என்று பிடிபடும்.

4. ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது கடைசி வழி. முதலில் எக்ஸ்போர்ட் பண்ணி வைக்காமல் ஒரு வரியும் அழிக்க வேண்டாம்.

விண்டோஸ் 11இல் மெனுவைச் சுருக்கி, பழையதை 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் வைத்திருக்கிறார்கள். ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்தினால் அது நேரே வரும்.

இன்னொன்று. அவை பாடசாலையின் கணினிகள். பொறுப்பான சேரிடமோ மிஸ்ஸிடமோ சொல்லிவிட்டு, எதை நிறுத்தினோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாளைக்கு நாங்கள் இடமாற்றம் பெற்றுப் போனாலும் வருகிறவருக்கு விளங்கும்.

புதுக் கணினி கேட்டுக் கடிதம் எழுதுவோம், எழுதத்தான் வேண்டும். அது வரும்வரை இருக்கிற கணினியில் பிள்ளைக்கு நாலு நிமிடம் மிச்சம் பிடித்துக் கொடுப்பது எங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் கணினி அறையில் எந்த வரி கூடத் தொந்தரவு? கொமெண்டில் சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.