சளின்னுதான் நினைச்சோம்

உங்க வீட்டில் சின்னப் பசங்க இருக்காங்களா? தம்பி, தங்கச்சி, அக்கா பையன், பக்கத்து வீட்டு வாண்டு, யாராக இருந்தாலும் சரி. இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிங்க. (நான் இங்கிலீஷ் மீடியம். எழுத்துப் பிழை இருந்தால் எடிட்டரைத் திட்டுங்க.)

நான் பன்னிரண்டாவது படிக்கும்போது தம்பிக்கு ஒன்பது வயசு. போர்டு எக்ஸாம் நேரம். ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போவான், திரும்பி வந்து என் வாட்டர் பாட்டிலைக் காலி பண்ணுவான். தூக்கம் கெடுதுன்னு பாட்டிலை ஒளிச்சு வைச்சேன். ஒரு மாசத்தில் அவன் டிராயர் இடுப்பில் நிக்கல. "வளர்ற பையன், உயரத்துக்குப் போகுது"ன்னு பாட்டி சொன்னாங்க. எல்லாரும் நம்பிட்டோம்.

அப்புறம் சளி, காய்ச்சல். ரெண்டாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சது. பக்கத்து கிளினிக்கில் நெஞ்சு சளின்னு நெபுலைசர் வைச்சாங்க. குறையவே இல்லை. மறுநாள் வாந்தி, கண்ணு சொருகுது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்கே ஒரு நர்ஸ் அக்கா குனிஞ்சு அவன் மூச்சை மோந்து பார்த்தாங்க. பழ வாசனை. விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் வைச்சால் நம்பரே வரல. 'ஹை'ன்னு மட்டும் காட்டுச்சு.

டைப் 1 டயாபடிஸ். கணையத்தில் இன்சுலின் செய்யும் பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழிச்சிடும். இன்சுலின் இல்லாமல் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கிடும். உடம்பு கொழுப்பை எரிக்கும், கீட்டோன் சேரும், ரத்தம் அமிலமாகும். அதைச் சரிக்கட்ட நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வேக வேகமாக வெளியே தள்ளும். அதாவது நுரையீரல் ரிப்பேர் இல்லை, ஓவர்டைம் பார்க்குது. 1874-லேயே கூஸ்மால் என்ற ஜெர்மன் டாக்டர் இந்த மூச்சைப் பற்றி எழுதியிருக்கார். கண்ட்ரோல் சிஸ்டம்ஸில் அரியர் வைச்ச எனக்கு ஃபீட்பேக் லூப் புரிஞ்சது இதை நினைச்சுத்தான்.

சொந்தக்காரங்க வந்தாங்க. "ஸ்வீட் நிறைய தின்பானா? குண்டா கூட இல்லையே, எப்படி சுகர்?" உடல் பருமனோடு சேர்ந்து பசங்களுக்கு வருவது பெரும்பாலும் டைப் 2. அது வேற கதை. இதைப் பத்து பேருக்கு விளக்கினேன். பதினோராவது ஆளுக்கு ஆமாம்னுட்டேன்.

அம்மாவோட கேள்விதான் கஷ்டமானது. "சளியை நான் கவனிக்காம விட்டதாலயா?" அதுக்குப் பதில் தேடித்தான் டெடி ஆய்வைப் படிச்சேன். 2004-ல் தொடங்கினது. அமெரிக்கா, ஃபின்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் நாடுகளில், மரபணு ரீதியாக ஆபத்து உள்ள 8,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்தாங்க. 2017-ல் வந்த முடிவு: சின்ன வயசில் மூச்சுத் தொற்று அடிக்கடி வந்த குழந்தைகளுக்கு பீட்டா செல்கள் மீதான தாக்குதல் தொடங்கும் வாய்ப்பு கூடுதல். தொடர்பு இருக்கு, அதுவே காரணம்னு நிரூபணம் ஆகல. அந்தத் தாக்குதல் ரத்தப் பரிசோதனையில் தெரிய ஆரம்பிச்சு, நோய் வெளியே வர மாசங்கள், வருஷங்கள் ஆகும். அந்த வாரத்துச் சளி கடைசித் தள்ளு மட்டும்தான். தொற்று வந்தால் இன்சுலின் தேவை கூடும், அவனிடம் அது இல்லை. அம்மாவிடம் இதை மூணு தடவை சொன்னேன். நம்பினாங்களான்னு தெரியல.

1922 ஜனவரி 11, டொரொன்டோ. லியனார்ட் தாம்ப்சன் என்ற பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி. சரியாக வேலை செய்யல. காலிப் என்ற வேதியியலாளர் மருந்தை இன்னும் சுத்தம் பண்ணினார், ஜனவரி 23-ல் மறுபடி போட்டாங்க, பிழைச்சான். அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்த பசங்களுக்குப் பட்டினிதான் வைத்தியம். லியனார்ட் 1935-ல் இறந்தது நிமோனியாவால். அந்த வரியைப் படிச்ச அன்னிக்கு வீட்டுக்கு போன் பண்ணி, தம்பிக்குச் சளி இருக்கான்னு கேட்டேன்.

அதிகத் தாகம், அடிக்கடி யூரின், திடீர்னு இளைச்சுப் போறது. இதோடு மூச்சு வாங்கினால், சளின்னே சொன்னாலும், "ஒரு தடவை சுகர் பார்த்துடுங்க டாக்டர்"னு வாயைத் திறந்து கேளுங்க. ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிஷம்கூட ஆகாது.

தம்பிக்கு இப்போ பதிமூணு. தானே ஊசி போட்டுக்கிறான். இதை எழுதப் போறேன்னு சொன்னதும் அவன் கேட்டது ஒண்ணுதான்: "டேய் அண்ணா, பாட்டிலை ஒளிச்சு வைச்சதையும் எழுதுவியா?"