புளியங்கொட்டையும் மத்தின் அளவும்



கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு மஹல்லாவில் ஃபஜ்ருக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும் அதே வேளையில் எங்கள் காலை வகுப்பும் தொடங்கிவிடும். சென்ற ஆண்டு அந்த வகுப்பில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். அது கற்பித்த பாடத்தைப் பெற்றோரோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், அல்ஃபாத்திஹாவின் இறுதிச் சொல்லில் ஆறு அளவு நீட்ட வேண்டிய மத்தை ஒவ்வொரு முறையும் குறுக்கியே ஓதினான். பலமுறை திருத்தியும் மாறவில்லை. ஒருநாள் பொறுமையிழந்து, அவன் ஓதியதைப் போலவே நாங்கள் ஓதிக் காட்டினோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவனுடைய அத்தா பள்ளிவாசலில் எங்களைச் சந்தித்து, "ஹஜ்ரத், வீட்டில் தொழும்போதுகூட வாய்விட்டு ஓத மாட்டேன் என்கிறான். உதடு மட்டும்தான் அசைகிறது" என்றார்.

குர்ஆனைச் சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள அந்த ஹதீஸை எத்தனையோ முறை பயானில் சொல்லியிருக்கிறோம். இரு கூலிக்கு உரிய ஒரு பிள்ளையின் வாயை நாங்களே அடைத்துவிட்டோம் என்ற எண்ணம் அன்றிரவு எங்களை உறங்கவிடவில்லை. மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்று, செய்தது தவறு என்று அவனிடமே சொன்னோம். பிறகு பாடம் நடத்தும் முறையையும் மாற்றினோம்.

ஹங்கேரி நாட்டின் இசையறிஞர் சோல்டான் கோடாய் (1882–1967), பிள்ளைகள் இசைக்குறிகளைப் படிக்கும் முன் காதால் கேட்டுப் பாடிப் பழக வேண்டும் என்று வலியுறுத்தியவர். அவர் வழிவந்த வகுப்புகளில் விளையாட்டும் கைச்சைகையும் முக்கியக் கருவிகள். இசை என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். கருவிகள் பற்றிய ஃபிக்ஹு விவாதத்துக்குள் நாங்கள் புகவில்லை. ஒலியின் அளவு, ஏற்ற இறக்கம், மூச்சின் கட்டுப்பாடு, கூர்ந்து கேட்டல் ஆகியவை பாடுபவருக்கும் தேவை, ஓதுபவருக்கும் தேவை. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதலைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், தாவூத் (அலை) குடும்பத்தாரின் குழல்களில் ஒன்று அவருக்கு வழங்கப்பட்டிருப்பதாகப் புகழ்ந்தார்கள் அல்லவா?

எங்கள் முதல் விளையாட்டுக்குக் கைப்பிடி புளியங்கொட்டை போதும். நாங்கள் ஓர் எழுத்தை நீட்ட, பிள்ளைகள் சீரான நடையில் ஒவ்வொரு கொட்டையாகத் தரையில் வைப்பார்கள். குரல் நின்றதும் எண்ண வேண்டும்: இரண்டா, நான்கா, ஆறா? பள்ளிக்கூடத்தில் படிக்கும் தமிழும் இங்கே துணைக்கு வரும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கண்ணிமைப்பும் கைந்நொடியும் அதன் அளவு என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதற்கும் மேல் நீண்டால் அளபெடை. அளபெடை அறிந்த பிள்ளைக்கு மத்து அந்நியமன்று.

இரண்டாவது, பந்து விளையாட்டு. கல்கலாவின் ஐந்து எழுத்துகளான காஃப், தா, பா, ஜீம், தால் ஆகியவற்றில் ஒன்று சுகூனுடன் ஒலித்தால் பந்தைத் தரையில் தட்ட வேண்டும். எழுத்து எப்படித் துள்ள வேண்டும் என்பதைப் பந்து காட்டிவிடும்.

மூன்றாவது, தூண் விளையாட்டு. ஒருவர் தூணுக்குப் பின் நின்று 'கல்ப்' என்பார். அடிநாவில் பிறக்கும் காஃப் என்றால் இதயம். அதற்குச் சற்று முன்னே பிறக்கும் காஃப் என்றால் நாய். தமிழில் இரண்டுக்கும் ஒரே ககரம்தான். முதலாவதைக் கேட்டால் நெஞ்சில் கைவைக்க வேண்டும், இரண்டாவதைக் கேட்டால் கைகட்டி நிற்க வேண்டும். பொருள் எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்தபின் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

திரும்பி வந்த அந்தச் சிறுவன், நாங்கள் நீட்டியபோது ஆறு கொட்டைகளைப் பிழையின்றி வைத்தான். காதில் குறையில்லை. அவனையே வசனத்தை முழுவதுமாக ஓதச் சொல்லி நாங்கள் கொட்டை வைத்தோம். மூன்றாவது கொட்டையில் குரல் அறுந்தது. அப்போதுதான் விளங்கியது, அவனிடம் மூச்சில்லை! வசனம் நீளமானது, தொடக்கத்திலேயே மூச்சை நிறைத்துக்கொள்ள யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. மாதக்கணக்கில் "நீட்டு, நீட்டு" என்று அதட்டிய நாங்கள், "முதலில் மூச்சை இழுத்துக்கொள், தம்பி" என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மஹல்லாவின் பெரியவர் ஒருவர், "குர்ஆனை வைத்தா விளையாடுவது?" என்று வருந்திக் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அன்றே ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டோம். விளையாட்டு எழுத்தோடும் அளவோடும் மட்டும். வசனம் ஓதும்போது பந்துமில்லை, ஓட்டமுமில்லை. முஸ்ஹஃபைத் திறக்கும் முன் கொட்டைகளைப் பையில் கட்டிவிடுவோம். சிறுவனை ஓதவைத்துக் கொட்டை வைத்ததையும் அதன்பின் விட்டுவிட்டோம். இப்போது விரலை மடக்கியே எண்ணுகிறோம்.

பெற்றோரே, மஃரிபுக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் திருப்பி ஓதுவதோடு சேர்த்துப் பதிவான, எகிப்தின் காரி முஹம்மத் ஸித்தீக் அல்மின்ஷாவி (1920–1969) அவர்களின் ஓதலை ஒலிக்கவிட்டு, நீங்களும் உடன் ஓதுங்கள். பிழை வந்தால் சிரிக்காதீர்கள். பிழை காதிலா, நாவிலா, மூச்சிலா என்று பாருங்கள்.

அந்தச் சிறுவனின் மத்து இன்றும் சில நாள் ஐந்தில் நின்றுவிடுகிறது. ஆனால் வீட்டில் வாய்விட்டு ஓதுகிறான் என்று அவனுடைய அத்தா சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். எங்கள் பிழையை அல்லாஹ் மன்னிப்பானாக, நம் பிள்ளைகளின் குரல்களைக் குர்ஆனால் அழகுபடுத்துவானாக. ஆமீன்.