முரசு இழந்த அவை

மாய்ந்தார்க்கே கையறுநிலை பாடுவது மரபு. நீயோ இன்னும் மாய்ந்திலை. அமெரிக்கச் சட்ட ஏடுகளில் உன் பெயர் அழியாமல் நிற்கிறது. படை விடுக்கும் குடியரசுத் தலைவர் உன்னை முன்னிட்டு அவைக்கு ஒரு மடல் வரைகிறார். வரைந்த கையோடு உன்னைக் கடந்தும் போகிறார். 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானமே, உயிர் இருந்தும் உரிமை இழந்தாய். ஆதலின் மரபை மீறி உனக்குப் பாடுகின்றேன், சான்றோர் பொறுப்பாராக.

உன் குலம் பெருமிதம் உடையது. 1787 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் அரசியலமைப்பை வகுக்கக் கூடிய மன்றத்தில், தென் கரோலினாவின் பியர்ஸ் பட்லர் எழுந்து, போர் தொடுக்கும் உரிமையைத் தலைவரிடமே விட்டுவிடலாம் என்றார். மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெர்ரி திடுக்கிட்டார். குடியரசு ஒன்றில் இப்படியொரு முன்மொழிவு காதில் விழும் என்று தாம் எண்ணியதே இல்லை என்றார். முடியரசை அப்போதுதான் உதறி எழுந்த மாந்தர் அவர். மன்னன் ஒருவனின் சினத்துக்குக் குடிகள் இறுக்கும் திறையை அறிந்தவர். படையை நடத்தும் பொறுப்பைத் தலைவர்க்கும், போர் அறிவிக்கும் உரிமையைக் காங்கிரசுக்கும் பகுத்து வைத்தனர். முரசின் குணில் அவையின் கையில் இருந்தது.

அந்தக் குணில் முறைப்படி கடைசியாக எழுந்து விழுந்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய மூன்று நாடுகளின் மீது. பின்னர்க் கொரியா, வியட்நாம், கம்போடியா, ஈராக் என எத்தனை களம் கண்டனர்! எதற்கும் முரசு அறையவில்லை. தலைவர்கள் பறித்துக்கொண்டனர் என்று பழிப்பார் பலர். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. கேட்டவுடன் நீட்டிய கையும் ஒன்று உண்டு.

1964 ஆகஸ்ட் 4 இரவு, வியட்நாமை ஒட்டிய டொன்கின் வளைகுடாவில் தம் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்குண்டன என்று குடியரசுத் தலைவர் ஜான்சன் நாட்டுக்கு அறிவித்தார். அவ்விரவு அத்தகைய தாக்குதலே நிகழவில்லை என்பது பின்னாளில் தெளிந்தது. படை நடத்த அவர் கேட்ட இசைவுக்கு, ஆகஸ்ட் 7 அன்று பிரதிநிதிகள் அவையில் 416 பேர் ஒருங்கே இசைந்தனர். மறுத்தார் ஒருவரும் இலர். செனட்டில் 88 பேர் இசைய, மறுத்தவர் இருவர்: ஓரிகனின் வேய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங். அன்று கொடுத்த இசைவின் விலை, வாஷிங்டனில் நடுகல்லாய் நீண்டு கிடக்கும் கருங்கல் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்களாய்ப் பொறிக்கப்பட்டிருக்கிறது. மறுபக்கம் மாண்ட வியட்நாமியர்க்கு அதில் இடமில்லை.

ஐயோ, அவ்விருவர்! 1968 தேர்தலில் அவரவர் மக்களே இருவரையும் இருக்கையிலிருந்து இறக்கினர். 1974 கோடையில் ஒரு மாத இடைவெளிக்குள் இருவரும் மறைந்தனர். குரூனிங்குக்கு அகவை 87. மோர்ஸ் 73 அகவையிலும் ஓயவில்லை. இழந்த இடத்தை மீட்கத் தேர்தல் களத்தில் நின்றவாறே வீழ்ந்தார். நீ பிறந்ததை இருவரும் கண்டனர். நீ மெலிந்ததைக் காணாமல் போயினர். அவ்வளவில் பேறு பெற்றோர்.

நீ பிறந்த காலம் வஞ்சனை வெளுத்த காலம். 1969 முதல் கம்போடியாவின் மீது குடியரசுத் தலைவர் நிக்சன் மறைவாய்க் குண்டு பொழிந்ததும், அதற்காகப் படையின் பதிவேடுகளில் பொய் எழுதியதும் 1973இல் அம்பலமாயின. செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸும் பிரதிநிதி கிளமென்ட் ஜப்லாக்கியும் உன்னை வளர்த்தெடுத்தனர். நிக்சன் வீட்டோவால் தடுத்தார். நவம்பர் 7 அன்று 284க்கு 135, 75க்கு 18 என ஈரவையும் அத்தடையை உடைத்தன. படை புகுந்த 48 மணி நேரத்துள் அவைக்கு அறிவிக்க வேண்டும். அவை இசையாவிடில் 60 நாளில் போர் நிற்க வேண்டும். படையை மீட்க மேலும் 30 நாள். கேட்கச் செம்மாந்த ஆணைதான்.

ஆயினும் உன்னை உருவாக்க உழைத்தோருள் ஒருவரான மிசௌரியின் தாமஸ் ஈகிள்ட்டன், இறுதியில் உன்னை மறுத்தே வாக்களித்தார். தலைவரைக் கட்டுவதாய் எண்ணி, எவரையும் கேளாமல் போரிட அவருக்கு 60 நாள் உரிமையை எழுதிக்கொடுக்கிறீர்கள் என்பது அவர் வாதம். எல்லோரும் வெற்றிக் களிப்பில் இருந்த அன்று அவர் சொல் எடுபடவில்லை. அவர் கண்டதே மெய்.

பின் ஒவ்வோர் உறுப்பாய் இழந்தாய். இரு அவைகளும் எளிய பெரும்பான்மையால் தீர்மானித்தால் போதும், தலைவரின் ஒப்பமின்றியே படை திரும்ப வேண்டும் என்பது உன் வலக்கை. 1983இல் குடியேற்ற வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அதை வேரோடு அறுத்தது. அன்றுமுதல் போரை நிறுத்தும் தீர்மானமும் போர் தொடுத்தவரின் கையொப்பத்துக்கே போகவேண்டும். அவர் தடுத்தால் மூன்றில் இரு பங்கினர் எழவேண்டும். 1999இல் கொசோவோவுக்காகக் குண்டு விழுந்தபோது அதற்கு இசைவு தருவதில் பிரதிநிதிகள் அவை 213க்கு 213 என்று பிளந்து நின்றது; போர் 78 நாள் நடந்தது. 2011இல் லிபியாவில் 60 நாளும் கடந்தபின், அங்கு நடப்பது உன் கணக்கில் வரும் பகைச்செயலே அன்று என ஒபாமாவின் அரசு வாதிட்டது. சட்டம் கற்பித்த பேராசிரியர் ஒருவரின் ஆட்சியில்!

2018 ஆகஸ்ட் 9. ஏமனின் சாதா மாகாணத்து தஹ்யான் சந்தையில் ஒரு பேருந்து நின்றது. உள்ளே சுற்றுலா செல்லும் சிறுவர். சவுதி கூட்டணியின் வானூர்தி குண்டெறிந்தது. 40 சிறுவர் மாண்டனர். யூனிசெஃப் வழங்கிய நீலநிறப் பைகள் குருதியும் புழுதியும் படிந்து கிடந்தன. குண்டு அமெரிக்காவில் செய்தது. அக்கூட்டணியின் வானூர்திகளுக்கு அமெரிக்கா 2015 முதல் வானில் எரிபொருள் நிரப்பி வந்தது. அதற்கு அவையின் இசைவு இல்லை.

அப்போது ஒருமுறை நீ எழுந்தாய். 2019இல் செனட்டில் 54க்கு 46, பிரதிநிதிகள் அவையில் 247க்கு 175. ஏமன் போரிலிருந்து விலகு என்று ஈரவையும் உன் பெயரால் ஆணையிட்டது அதுவே முதன்முறை. ஏப்ரல் 16இல் டிரம்ப் தடுத்தார். மே 2இல் அத்தடையை உடைக்கச் செனட்டில் மீண்டும் எண்ணினர். நிறுத்துக என்றார் 53. வேண்டா என்றார் 45. 45 வென்றது.

2025 ஜூனில் ஈகிள்ட்டனின் மிசௌரியிலிருந்து எழுந்த வானூர்திகள் ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கித் தளம் திரும்பின. வர்ஜீனியாவின் டிம் கெய்ன் உன்னைத் துணைக்கொண்டு செனட்டில் கொணர்ந்த தீர்மானம் சில நாளில் வாக்கெடுப்புக்கு வந்தது. இசைந்தார் 47, மறுத்தார் 53. இம்முறை வீட்டோவுக்கு வேலையே இருக்கவில்லை.