அராக்னியின் துணி

அராக்னி மல்லாந்து கிடக்கிறாள். முதுகு வில்லாக வளைந்திருக்கிறது, உடம்பிலிருந்து சிலந்திக் கால்கள் கிளம்புகின்றன. கவிஞர் தாந்தேயும் வழிகாட்டி வர்ஜிலும் நின்று பார்க்கிறார்கள். மறுமை உலகைப் பாடும் தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ காவியத்துக்கு பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே வரைந்த படம் இது. நரகக் காண்டத்தை அவர் 1861இல் சொந்தக் காசு போட்டு வெளியிட்டார். மற்ற இரண்டு காண்டங்களும் 1868இல் வந்தன. அராக்னி இருப்பது இரண்டாவதில், செருக்குற்றவர்கள் பாவம் கழிக்கும் மலைத்தட்டில்.

அவள் நெசவுக்காரி. சென்னிமலையில் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்த எனக்கு நரகத்துப் படங்களைவிட இவளிடம்தான் கண் நின்றது.

ரோமானியக் கவி ஓவிட் சொல்லும் கதையில் இவள் மினர்வா தெய்வத்தோடு போட்டி போட்டு நெய்கிறாள். தேவர்கள் காளையாகவும் அன்னமாகவும் உருமாறி வந்து பெண்களைக் கெடுத்ததையெல்லாம் துணியில் கொண்டுவருகிறாள். நெசவில் குறை சொல்ல மினர்வாவால் முடியவில்லை. துணியைக் கிழித்து, நாடாவாலேயே அவள் நெற்றியில் அடிக்கிறாள். (ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டைதான் நாடா. பட்டவர்களுக்குத் தெரியும்.) தாங்காமல் தூக்கில் தொங்கியவளைச் சிலந்தியாக்கிவிடுகிறாள்.

தாந்தேயிடம் இது செருக்குக்குக் கிடைத்த தண்டனை மட்டுமே. கந்தலாகிப்போன துணிமேல் பாதிச் சிலந்தியாக இருக்கிறாள் என்கிறார். அதில் என்ன நெய்திருந்தாள் என்று சொல்வதில்லை. காவியத்தில் அவள் தரையில் செதுக்கிய வெறும் உருவம். டோரே அதற்கு ரத்தமும் சதையும் கொடுத்தார், ஆடை கொடுக்கவில்லை. தேவர்களின் குற்றத்தைச் சொன்னவளை இரண்டு ஆண்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

அம்மாவுக்குப் போனில் காட்டினேன். முப்பது வருஷம் தார் சுற்றியவள் அவள். கூலிப் புத்தகத்தில் அப்பா பெயர்தான் இருந்தது.

“இவ தறி எங்க கண்ணு?” என்றாள். பிறகு அந்த வளைந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ராட்டைய உட்டு எந்திரிச்சா எனக்கும் இப்பிடித்தான் இழுக்கும்.”

டோரேயின் படங்களும் அவர் ஒருவர் கைவேலை அல்ல. அவர் வரைந்ததை மரக்கட்டையில் செதுக்கியவர்கள் வேறு ஆட்கள். பிசான் போன்றவர்கள் படத்தின் ஓரத்தில் தங்கள் பெயரையும் செதுக்கிக்கொண்டார்கள். எனக்குப் பிடித்த வழக்கம் அது. அம்மா சுற்றிய தாரில் நெய்த போர்வைகள் எந்தெந்த ஊர்க் கட்டில்களில் கிடக்கின்றனவோ, அவற்றின் ஓரத்தில் விற்றவர்களின் முத்திரை இருக்கும்.