நெடுந்தீவிலே ஒரு சனிக்கிழமை

யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள தீவுகளுள், மக்கள் வாழ்வனவற்றில் மிகத் தொலைவிற் கிடப்பது நெடுந்தீவு. பசுத்தீவு என்று அதற்கு ஒரு பெயருண்டு. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரையிட்டு அதனை டெல்ப்ட் என்றனர். காட்டுக் குதிரைகளையும், சிதைந்த கோட்டையையும், ஒல்லாந்தர் காலப் புறாக்கூட்டையும், பருத்த பெருக்கு மரத்தையும் காணும் பொருட்டே பெரும்பாலோர் அங்குச் செல்வர். நாம் சென்றது வேறொரு கருமத்தின் பொருட்டாகும்.

எம்மிடம் முன்னாளிற் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது கனடாவில் வாழ்கிறார். அவருடைய தாயார் நெடுந்தீவிலே தனித்திருக்கிறார். சென்ற மாரியில் அவ்வம்மையார் காய்ச்சலுற்றுப் படுத்திருந்தபோது, கடல் கொந்தளித்தமையால் இரண்டு நாள் படகு ஓடவில்லை. செய்தி அறிந்த மகன் கலங்கிப்போனார். "நான் சொன்னால் அம்மா கேக்கமாட்டா, சேர். நீங்கள் ஒருக்கால் போய்ச் சொல்லுங்கோ. வீட்டைப் பூட்டிப்போட்டு யாழ்ப்பாணத்துக்கு வரட்டும், பிறகு நான் இஞ்சை கூப்பிடுறன்" என்று தொலைபேசியிற் கேட்டுக்கொண்டார். மறுத்துரைக்க எமக்கு மனம் வரவில்லை. நாம் வருவதை அறிந்த அம்மையாரோ, "வெள்ளிக்கிழமை வேண்டாம், அண்டைக்கு மரக்கறி. சனிக்கிழமை வாங்கோ, கூழ் காய்ச்சுவம்" என்று சொல்லியனுப்பினார்.

அவ்வாறே ஒரு சனிக்கிழமை விடியற்பொழுதில் மனைவியாருடன் பேருந்தேறினோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அங்கிருந்து படகிலே இன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லவேண்டும். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், 'குமுதினி' என்னும் படகிற் பயணஞ் செய்தோர் பலர் இக்கடலிலேதான் வெட்டிக் கொல்லப்பட்டனர். எமக்கு அருகிலிருந்த முதியவர் ஒருவர் கடலை நோக்கி ஒரு கணம் கைகூப்பினார். எவரும் அவரை ஒன்றும் வினவவில்லை.

மாவலித்துறையில் இறங்கியதும் கண்ணைக் கவர்வன அத்தீவின் வேலிகளே. கதியாலும் கிடுகும் கண்டு பழகிய எமக்கு, முருகைக் கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய மதில்கள் புதுமையாகத் தோன்றின. கற்களுக்கிடையே காற்றுப் புகுந்து செல்கிறது. பிற்பகல் வெயில் அவ்விடைவெளிகளூடே தெருவிற் புள்ளி புள்ளியாக விழுகிறது. அம்மையாரின் வீடும் முருகைக்கல்லாற் கட்டிச் சுண்ணாம்பு பூசிய பழைய வீடே.

நாம் சென்றபோது அடுக்களையில் வேலை தொடங்கிவிட்டது. சுளகிலே நண்டு, இறால், கணவாய், இரண்டு பெரிய மீன்களின் தலைகள், சிறு மீன்கள் யாவும் துப்புரவாக்கப்பட்டிருந்தன. கூழ் காய்ச்சும் முறையை எம் மனைவியார் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அதனை ஈண்டுத் தருகிறோம்.

எட்டுப் பேருக்கு ஒடியல் மா 250 கிராம் போதும். பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலிற் காயவிட்டுப் பெறும் ஒடியலின் மாவே வேண்டும். அவித்துக் காயவிட்ட புழுக்கொடியலின் மா இதற்கு உதவாது. மாவை நிறைந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்துவிடல் வேண்டும். கைப்பு நீங்குவது அதனாலேதான். அவசரப்படுவோரின் கூழ் கைக்கும். பெரிய பானையில் நீரைக் கொதிக்கவைத்து, ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, பயிற்றங்காய் ஆகியவற்றை இட்டு அவிக்கவேண்டும். அவை பாதி வெந்ததும் மீன்தலையும் நண்டும், அதன்பின் சிறு மீனும் இறாலும், ஈற்றிலே கணவாய். கணவாயை முந்தியிட்டால் தோல்போல் இறுகிவிடும் என்றார் அம்மையார். செத்தல் மிளகாய் பதினைந்து, மிளகு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்து, புளிக்கரைசலையும் ஊறிய மாவையும் அதனோடு கலந்து, கட்டிபடாமல் துழாவியபடி பானையில் ஊற்றவேண்டும். உப்புச் சரிபார்த்து, முருங்கையிலையைத் தூவி, கூழ் தடித்துக் கொதித்ததும் இறக்கிவிடலாம்.

கூழ் கொதிக்கும் வேளையில் எம்மை முன்னறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே நாம் கண்ட சுவரைப் பற்றியும் சொல்லவேண்டும்.

கடற்காற்றுப்படும் வீடுகளில் உவர் பூத்துச் சுவரின் பூச்சு உதிர்வது வழக்கம். அம்மையார் ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு முன் உதிர்ந்த இடங்களைச் சாந்தால் அடைத்து, சுண்ணாம்பிலே சிறிது நீலங் கலந்து தாமே வெள்ளையடிக்கிறார். அதன்மேல் அவர் தூக்கியிருக்கும் அலங்காரங்களுக்குக் காசு செலவில்லை. சார்வோலையை ஒடுக்கமாக வார்ந்து, பாதியைச் சாயங் கரைத்த கொதிநீரில் அவித்து நிழலில் உலர்த்தி, இரு நிறமும் மாறி மாறி வர ஓரடிச் சதுரமாக இழைக்கிறார். சமைத்த மட்டியின் சிப்பிகளைக் கொதிநீரில் இட்டுத் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் வெயிலிற் காயவைத்தால் நாற்றம் அற்றுப்போகும். அவற்றைப் பூவிதழ்போல் அடுக்கிப் பசையால் ஒட்டியபின், மேற்புறத்திலே தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவினால் மினுக்கம் உண்டாகும். ஒட்டும் பக்கத்தில் எண்ணெய் படலாகாது. தட்டியின் பின்னே இரண்டு மெல்லிய சிலாகைத் துண்டுகளை வைத்துக் கட்டுகிறார். தட்டிக்கும் சுவருக்கும் இடையிற் காற்றோடினால் ஓலை பூஞ்சணம் பிடியாது.

இவற்றுக்கெல்லாம் நடுவே, கதவு நிலையின் அருகில், ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை பூசாத பகுதியொன்று இருந்தது. அதன் இருமருங்கும் சிப்பிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. உள்ளே கரிக்கோடுகள், ஒவ்வொரு கோட்டின் அருகிலும் ஓர் ஆண்டு. தம் இரு ஆண்மக்களையும் பொங்கல்தோறும் நிறுத்தி அளந்த கோடுகள் அவை. இளையவரின் கோடு 2003இல் முடிகிறது. அவ்வாண்டே அவர் எமது கல்லூரிக்கு வந்தார். மூத்தவரின் கோடு 1995ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. நாம் காரணம் வினவவில்லை, அவரும் கூறவில்லை. அக்கோட்டின் கீழிருந்த பூச்சு மாத்திரம் அண்மையில் மிகக் கவனமாக ஒட்டி நிறுத்தப்பட்டிருந்தது.

முற்றத்து வேம்பின் நிழலில் அமர்ந்து, பனையோலைப் பிளாவிலே கூழைக் குடித்தோம். உறைப்பும் புளிப்பும் கடலின் சுவையும் ஒன்றாய்க் கூடிய அக்கூழை மூன்றாம் முறையும் வாங்கிக்கொண்டபின், வந்த கருமத்தை மெல்லத் தொடங்கினோம். மகனின் அச்சத்தை எடுத்துரைத்தோம். படகு ஓடாத அந்த இரண்டு நாளையும் நினைவூட்டினோம். அம்மையார் சினக்கவில்லை.

"அவன் பயப்பிடுறது பிழையெண்டு நான் சொல்லமாட்டன், மாஸ்ரர். அந்த ரண்டு நாளும் எனக்கும் பயந்தான். ஆனால் வீட்டைப் பூட்டினால் ஒரு மாரியிலை இந்தப் பூச்செல்லாம் விழுந்துபோம். அவன் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வருவன் எண்டவன். அதுகளையும் இந்தச் சுவரிலை நிக்கவைச்சு அளக்க வேண்டாமே?"

கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கு அவ்வேளையிற் சொல்ல ஒன்றும் வரவில்லை. எம் மனைவியாரே பேசினார். "அம்மா, மாரி மூண்டு மாதமும் யாழ்ப்பாணத்திலை உங்கடை தங்கச்சியாரோடை இருங்கோ. தைப்பொங்கலுக்கு முன்னம் திரும்பி வந்து வெள்ளையடிக்கலாம். கடல் அமந்திருக்கிற மாதங்களிலை இஞ்சை இருங்கோ." அம்மையார் நெடுநேரம் அடுப்பையே நோக்கியிருந்தார். பின்பு, "அப்பிடியெண்டால் அயலிலை ஆரேனும் கிழமைக்கு ஒருக்கால் கதவைத் திறந்து காத்துப் படவிடவேணும், பிள்ளை" என்றார். அது இசைவென்றே கொண்டோம். அயலிலுள்ள மீனவக் குடும்பத்தார் அப்பொறுப்பை மகிழ்ந்து ஏற்றனர்.

பிற்பகற் படகுக்குப் புறப்படுகையில், ஒடியல் மாப் பொதியொன்றையும் சிப்பி பதித்த ஓலைத் தட்டியொன்றையும் எம் கையிற் கொடுத்தார். மா எமக்கு, தட்டி கனடாவிலுள்ள பேரப்பிள்ளைகளுக்கு.

அன்றிரவே மாணவருக்கு யாவற்றையும் விரிவாக எழுதினோம். தாயாரை அழைத்துவரும் எண்ணத்தோடு எம்மை அனுப்பியவருக்கு அது முழு வெற்றியான செய்தியன்று. ஆயினும் ஒரு கிழமைக்குள் மறுமொழி வந்தது. ஆடி மாத விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் வருவதற்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டாராம். பிள்ளைகளுக்கு உறைப்புப் பழக்கமில்லையாதலால், கூழுக்கு மிளகாயைச் சற்றுக் குறைக்கும்படி அம்மாவிடம் சொல்லவேண்டுமாம்.