ஒரே மேடையில் இரண்டு பிரியாவிடைகள்

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. மேற்கே போனால் துணுக்காய், மல்லாவி. காலையில் அந்தச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குவோரில், கையில் சாப்பாட்டுப் பொதியும் தோளில் பையுமாக நிறைய ஆசிரியர்களைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் விடியுமுன் பஸ் ஏறி வந்து, பாடசாலை விட்டதும் அடுத்த பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்கள். அன்று நானும் அவர்களோடுதான் இறங்கினேன்.

அறுபது வயது நிறைந்து ஓய்வுபெறும் கல்வி அதிகாரி ஒருவருக்கு அங்குள்ள பாடசாலையொன்றில் சேவைநலன் பாராட்டு விழா. நவம்பரில் உயர்தரப் பரீட்சை எழுதப் போகும் தரம் 13 மாணவர்களின் பிரியாவிடையும் அதே நாளில், அதே மேடையில். தன் பெயரோ பாடசாலையின் பெயரோ எழுத்தில் வர வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டார். அப்படியே செய்கிறேன்.

வாசலில் வாழைமரம் கட்டி மாவிலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் நாள் இரவு பெய்த ஐப்பசி மழையில் முற்றம் சேறாகிக் கிடந்தது. தகப்பன்மார் சிலர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடைவழியில் கிரவல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அதிகாரியும் மனைவியும் வந்து இறங்கியதும் ஆரத்தி, சந்தனம், குங்குமம், மாலை. பாண்ட் வாத்தியக் குழு முன்னே போக, தரம் 13 பிள்ளைகள் அவருக்கு இரு பக்கமும் நடந்தார்கள். விருந்தினர் நடுவே நடந்து வர, மாணவர் ஓரமாக நின்று கைதட்டுவதுதான் வழமை. இங்கே பிரிந்து போகும் இரு தரப்பும் சேர்ந்தே மண்டபத்துக்குள் நுழைந்தார்கள்.

மங்கள விளக்கேற்றல், வரவேற்பு நடனம், தலைமையுரை, பொன்னாடை, வாழ்த்துமடல் எல்லாம் முறைப்படி நடந்தன. நான் நெடுநேரம் நின்றது மேடையோரம் போடப்பட்டிருந்த மேசையருகே. பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகங்களை அதில் விரித்து வைத்திருந்தார்கள். பாடசாலையில் நடப்பதை அதிபர் எழுதி வைக்கும் புத்தகம் அது. மேற்பார்வைக்கு வரும் அதிகாரியும் தான் கண்டதை அதில் எழுதிக் கையொப்பமிட்டுப் போவார். இவர் எழுதிய பக்கங்களுக்கு மாணவர்கள் நிறத்தாள் ஒட்டி அடையாளம் வைத்திருந்தார்கள்.

நீல மையில் நிமிர்ந்த எழுத்து. கிணற்றுக்கட்டு உடைந்திருக்கிறது, சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். அடுத்த வருகையில், கட்டு திருத்தப்பட்டதை நேரில் பார்த்ததாகப் பதிவு. இன்னொரு பக்கத்தில், கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனதால் தரம் 11க்குக் கிழமைக்கு எத்தனை பாடவேளை வெறுமையாகக் கழிகிறது என்று கணக்குப் போட்டிருந்தார். அதற்குக் கீழே, பதில் ஆசிரியர் வரும்வரை வியாழக்கிழமைகளில் தானே வந்து கணிதம் எடுப்பதாக ஒரு வரி. பின்வந்த பக்கங்களைப் புரட்டினேன். வியாழன் தவறாமல் கையொப்பம் இருந்தது.

அவர் தொண்டர் ஆசிரியராகத் தொடங்கியவர். அவருடைய சேவைக்காலத்தில் மாங்குளம் பட்ட பாட்டை இந்த ஊரார் அறிவார்கள். 1990இல் யாழ்தேவி ரயில் நின்றது. 1998 செப்டெம்பரில் மாங்குளம் இராணுவத்தின் கைக்குப் போனது, 1999 நவம்பரில் புலிகள் அதைத் திரும்பப் பிடித்தார்கள், 2008 நவம்பரில் மறுபடியும் இராணுவம். 2002இல் திறந்த ஏ9 பாதை 2006 ஆகஸ்டில் மூடப்பட்டது. சனம் இடம்பெயர்ந்தபோதெல்லாம் பள்ளிக்கூடமும் கூடவே இடம்பெயர்ந்தது. மரத்தடியிலும் கிடுகுக் கொட்டிலிலும் வகுப்பு நடந்தது. 2009 ஆகஸ்டில், இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த செட்டிகுளம் முகாம்களுக்குள் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தறப்பாள் கூடாரத்தில் படிப்பித்தவர்களில் இவரும் ஒருவர். இன்று மேடையில் நின்ற தரம் 13 பிள்ளைகள் அப்போது தாய்மாரின் இடுப்பில் இருந்த குழந்தைகள்.

மாணவர் சார்பில் பேசிய பிள்ளை ஒலுமடுவிலிருந்து வருகிறவள். எழுதி வந்த உரையை வாசித்து முடித்தாள். தாளை மடித்துவிட்டு அதிகாரியைப் பார்த்து, "சேர், நீங்கள் போனாப் பிறகு வியாழக்கிழமையில ஆர் வருவினம்?" என்று கேட்டாள். மண்டபம் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த கல்வித் திணைக்களத்தாரின் காதிலும் அந்தக் கேள்வி விழுந்தது.

ஏற்புரையில் அவர் தன்னைப் பற்றி அதிகம் பேசவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். இலங்கையில் பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நம் முல்லைத்தீவு மாவட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்த 5 சதவீத இடத்தில் படித்து வருகிறவர் இந்த மண்ணுக்குக் கடமைப்பட்டவர் என்றார். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. ஆசிரியராக விரும்புவோருக்கு வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையைப் பார்த்து, "நீதான் வரவேணும், பிள்ளை" என்றார்.

மதியச் சாப்பாட்டின்போது ஆசிரியைகள் சிலரோடு பேசினேன். கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்ததும் ஊருக்கு மாற்றம் கேட்பதில் அவர்களுக்கு நியாயம் உண்டு. வீட்டில் கைக்குழந்தை, நடமாட முடியாத மாமியார், நாளுக்கு ஐந்தாறு மணித்தியாலப் பஸ் பயணம். தங்குவதற்கு ஒழுங்கான விடுதி இருந்தால் கிழமைநாட்களில் இங்கேயே நிற்போம் என்று இருவர் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஆசிரியர் போய்ப் பதில் வராத ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் கணக்கில்தான் நட்டமாக விழுகிறது. வன்னியில் பல பாடசாலைகள் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ள 1சி வகை. விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் பிள்ளை தரம் 11ஓடு ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஆசையை விடுகிறது.

ஓய்வுபெறுகிறவரைப் பாராட்டுவது நல்ல பழக்கம். அவர் விட்டுப் போகும் வேலையை யார் செய்வது என்று தீர்மானிக்காத பாராட்டு பாதிப் பாராட்டுத்தான். வட மாகாணக் கல்வி அமைச்சு மாங்குளத்தைச் சுற்றியுள்ள பாடசாலைகளுக்கு முதலில் ஆசிரியர் விடுதிகளைக் கட்டித் தர வேண்டும். ஒருவருக்கு இடமாற்றக் கடிதம் கொடுக்குமுன் அவருக்குப் பதிலாளை அனுப்ப வேண்டும். இங்கே படித்து இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் பரிசுக் கேடயங்களுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை அந்த விடுதிகளுக்குத் தளபாடம் வாங்க ஒதுக்கலாம். தரம் 13 முடித்துப் போகும் பிள்ளைகளே, நாளைக்கு நீங்கள் ஆசிரியராகும்போது எங்கே சேவை செய்ய விருப்பம் என்று படிவத்தில் கேட்பார்கள். அந்த இடத்தில் மாங்குளம் என்று எழுதுங்கள்.