கழுத்து: சில குறிப்புகள்

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கிற வருஷமென்றால் அதற்கு முந்தின வாரமே எங்கள் கிளையில் நகைக்கடன் கவுண்டருக்கு முன்னால் கூட்டம் சேர்ந்துவிடும். விதைநெல், உழவுக்கூலி, உரம் எல்லாம் கழுத்திலிருந்துதான் இறங்கியாக வேண்டும். பெண்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டபின் சங்கிலியை நீட்டுவார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிற சில நிமிஷங்களில் அவர்களுடைய கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போய்த் தடவிப் பார்க்கும். சங்கிலி கிடந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். சிலருக்கு வெளிறி, சிலருக்குக் கறுத்து. பதினோரு வருஷமாக இந்தக் கோடுகளைப் பார்த்து வருகிறேன். அறுப்பு முடிந்து தை, மாசியில் நகையை மீட்க வரும்போது அதே கழுத்துக்களில் வேறொன்றும் தென்படும். இடைப்பட்ட மாதங்களில் போட்டிருந்த கவரிங் சங்கிலியின் தடத்தில் சொரசொரப்பும், சொறிந்த புண்ணும். கவரிங் உலோகத்திலுள்ள நிக்கல் வியர்வையில் கரைந்து தோலில் இறங்குவதால் வருகிற ஒவ்வாமை அது. அவர்கள் வேப்பிலை அரைத்துப் பூசிக்கொள்கிறார்கள். வட்டி கட்டிய ரசீதை நான் கிழித்துக் கொடுக்கிறேன்.

இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் இந்த விஷயம் என் விமர்சனக் கட்டுரை ஒன்றோடு சம்பந்தப்பட்டது என்பதால், இங்கேதான் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது.

ஏழெட்டு வருஷங்களுக்கு முன் இதுபோன்ற ஒரு சிற்றிதழில் சுணங்கு பற்றி எழுதினேன். சங்கக் கவிகள் இளம்பெண்களின் மார்பிலும் தோளிலும் படர்ந்த மஞ்சள் புள்ளிகளை வேங்கைப் பூவின் தாதாகக் கண்டார்கள். பின்னால் வந்த உரைகளும் அகராதிகளும் அதைத் 'தேமல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டன. இந்தச் சரிவைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். தொய்யில், பசலை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு, தமிழ்க் கவிதைக்குத் தோல் ஒரு பிரதியாக இருந்தது, அதை வாசிக்கிற கண் நமக்கு இல்லாமல் போயிற்று என்று பண்டிதர்களைச் சாடியிருந்தேன். வள்ளுவர் பசப்புக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருப்பதை (119-ஆவது) நினைவூட்டியிருந்தேன். நூறு பிரதி அச்சான இதழில் அதை இருபது பேராவது படித்திருக்கலாம். கடிதம் எழுதிய இருவரில் ஒருவர் அச்சுப்பிழைகளைப் பட்டியலிட்டிருந்தார்.

அந்தக் கட்டுரைக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். கூடத்தில் ஜமக்காளம் விரித்தாயிற்று. அவள் துண்டோடு கொல்லைப்பக்கம் போனாள். நான் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "கழுத்த நல்லாத் தேச்சுக் குளிச்சுட்டு வா" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து கேட்டுப் பழகின வாக்கியம். பிடரியில் ஆரம்பித்துப் பக்கங்களுக்கு வந்த கறுப்பு அது. கிட்டத்தில் பார்த்தால் வெறும் கறுப்பாக இராது. வெல்வெட்டுத் துணியைப் போலத் தடித்து, மடிப்பு மடிப்பாக இருக்கும். அம்மா பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பாள். கடலை மாவு, பிழிந்த எலுமிச்சை மூடி, பிறகு காலுக்குத் தேய்க்கிற கல். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை வகுப்புக்கு நடுவே அவளை எழுப்பி நிறுத்தி, இரட்டைச் சடையைத் தூக்கிப் பார்த்து, குளிக்கிற வழக்கம் உண்டா என்று கேட்டாராம். அன்றிலிருந்து சடையைத் தூக்கிக் கட்டுவதை விட்டாள். ஜாதகத்தோடு அனுப்ப எடுத்த போட்டோவில் ஸ்டூடியோக்காரர் கழுத்தையும் முகத்தோடு சேர்த்து வெளுத்துக் கொடுத்திருந்தார். வந்தவர்கள் போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவளாகவே மருந்துக் கடைக்குப் போனாள். கடை எது என்பது முக்கியமில்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு உத்தரவு போட்டிருந்தது. அதற்கு ஒரு வருஷம் கழித்தும் அவளுக்குச் சீட்டில்லாமல்தான் கிடைத்தது. மூன்று வாரத்தில் கழுத்து வெளுத்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். மார்பின் மேற்பக்கத்துக்கும் சேர்த்துப் பூசச் சொன்னாள். ரவிக்கை போட்டால் தெரிகிற இடமல்லவா. நாலைந்து மாதத்தில் தோல் சிகரெட் தாளைப்போல மெலிந்து, உள்ளே ஓடுகிற சிவப்பு நரம்புகள் வெளியே தெரிய ஆரம்பித்தன. வெயிலில் இறங்கினால் எரிச்சல். களிம்பை நிறுத்தினால் இரண்டே நாளில் செக்கச் சிவந்து போகும்; மறுபடி பூசினால் அடங்கும். ஒரு குப்பியிலிருந்து இன்னொரு குப்பிக்கு அவள் கடன்பட்டுப் போனாள்.

பி.ஏ.யில் பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை படித்தபோது, வெண்பளிங்குக் கழுத்தும் பனி மார்பும் வரிக்கு வரி வரும். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் ஈய வெள்ளையைக் குழைத்து முகம், கழுத்து, மார்பு மூன்றுக்கும் பூசிக்கொண்டார்கள் என்பதையும், அது தோலை அரித்தது என்பதையும் வேறொரு புத்தகத்தில் பின்னால் படித்தேன். உவமையையும் ஈயத்தையும் ஒரே வகுப்பில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் உவமையைத்தான் குறித்துக்கொண்டிருப்பேன்.

தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஐம்பது வயதிருக்கும் அம்மாள். விளக்கைத் தள்ளிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்தைப் பார்த்தார். பக்கவாட்டிலிருந்த இரண்டு மூன்று சின்ன மருக்களை விரலால் நெருடினார். அக்குளைப் பார்த்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, "எத்தனை வருஷமாத் தேய்க்கிறீங்க?" என்றார்.

அம்மா கணக்குச் சொன்னாள், கொஞ்சம் பெருமையோடுகூட.

"தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடிக்கும்மா. இது அழுக்கில்ல. பொண்ணுக்கு மாசாமாசம் சரியா வருதா? வீட்டுல யாருக்கெல்லாம் சுகர்?"

அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே மருத்துவ நூல்களில் ஏறிவிட்ட பெயர். உடம்பின் செல்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவி கொடுக்காதபோது கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. அந்த மிகையான இன்சுலின் தோலின் செல்களைப் பெருகச் சொல்லித் தூண்டுகிறது. கறுப்பாகத் தெரிவதற்கு நிறமியைவிட அந்தத் தடிப்புத்தான் அதிகக் காரணம். ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே கழுத்தில் தெரிந்துவிடக்கூடும். தங்கைக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பது அந்த வாரம் தெரிந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கான பரிசோதனை 6.2 காட்டியது, 6.5-க்குப் போனால் சர்க்கரை வியாதி. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. அந்தப் படியில் இவளும் நின்றுகொண்டிருந்திருக்கிறாள், கல்லால் தேய்த்துக்கொண்டு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா நெடுநேரம் பேசவில்லை. பாபநாசம் தாண்டினபிறகு, "எங்கம்மா கழுத்தும் இப்படித்தாண்டா இருக்கும். எங்க வம்சத்துக் கழுத்துன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு யாரு சொன்னா?" என்றாள். பாட்டிக்குக் கால்விரல் இரண்டை எடுத்தது, அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் சர்க்கரை கண்டுபிடித்தது, எல்லாம் எங்கள் வீட்டில் தனித்தனிக் கதைகளாக இருந்தன. என் பக்கத்து ஸீட்டில் அம்மாவின் பிடரி. கொண்டைக்குக் கீழே அதே வெல்வெட்டு. முப்பது வருஷம் அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

என்னுடைய நெஞ்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி நாளிலிருந்து எனக்கு நெஞ்சிலும் கழுத்தடியிலும் தேமல் உண்டு, வெளிறிய திட்டுக்கள். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. யாரும் என்னைக் கொல்லைப்பக்கம் அனுப்பவில்லை. அன்றைக்கே அந்த மருத்துவரிடம் காட்டினேன். எல்லார் தோலிலும் சும்மா குடியிருக்கிற ஒரு பூஞ்சை, வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் பெருகி நிறமியைத் தடுக்கிறதாம், ஒட்டுவாரொட்டி இல்லை. கீட்டோகோனசோல் ஷாம்புவை நுரைத்துப் பூசி ஐந்து நிமிஷம் வைத்துக் கழுவச் சொன்னார். பூஞ்சை சீக்கிரம் போய்விட்டது, நிறம் திரும்பச் சில மாதம் பிடித்தது. பண்டிதர்களை எந்தச் சொல்லுக்காகச் சாடினேனோ அந்தச் சொல் என் சட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. சங்கத்துச் சுணங்கும் இதுவும் ஒன்றா என்ற ஆராய்ச்சிக்கு நான் இப்போது வரவில்லை.

தங்கைக்குச் சொன்ன பராமரிப்பும் பெரிதில்லை. முகத்தைவிடக் கழுத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, தோலும் மெல்லிசு. அதனால் சீக்கிரம் வறளும், மருந்தையும் சீக்கிரம் உறிஞ்சும். மெதுவான சோப்பு, ஈரம் காயுமுன் ஏதாவது சாதாரணக் களிம்பு, வெளியே போனால் முகத்துக்குப் பூசுகிற வெயில் தடுப்பைத் தாடையோடு நிறுத்தாமல் ரவிக்கைக் கழுத்துவரை பூசுவது. நெஞ்சில் பரு வந்தால் கிள்ளக் கூடாது. அந்த இடத்துத் தழும்பு தடித்து வளரக்கூடியது. மற்றதெல்லாம் நடை, சாப்பாடு, தூக்கம். ஸ்டீராய்டைப் படிப்படியாக விட்டுச் சிவப்பு அடங்க எட்டு மாதமாயிற்று. இப்போது தினமும் காலையில் ரயில்வே பாதையோரம் நடக்கிறாள். கறுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, போகவில்லை. ஒருநாள் கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, தேச்சுக் குளிக்கலேங்கிறியா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கொல்லையில் அந்தப் பீர்க்கங்காய் நார் ஆணியிலேயே தொங்குகிறது. இப்போது அம்மா பாத்திரம் தேய்க்கிறாள்.

போன ஜூனில் ஒரு பெண் மூன்று பவுன் சங்கிலியோடு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சுவர்ப்பக்கம் திரும்பிக் கழற்றும்போது பிடரி தெரிந்தது. படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தவன் பேனாவை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மா, சுகர் ஏதாச்சும் டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டாள்.

"வெயில்ல கெடக்குற கழுத்து சார். நகைய எடை போடச் சொல்லுங்க."